குப்பத்தில் தூங்கிய சனிக்கிழமைகள்

ஒரு மாணவருக்கு ஒரு வீடு என்பது எங்கள் கல்லூரியில் இருந்த ஏற்பாடு. கிறிஸ்தவக் கல்லூரி. தினமும் காலையில் சேப்பலில் ஜெபம், சனிக்கிழமை மதியம் சேவை. சேவைக்குப் போகாதவர்களுக்குப் பட்டம் கிடையாது. அன்பைக்கூட வருகைப்பதிவு எடுத்துத்தான் வளர்க்க முடியும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும். முதல் வருடமே என் பங்குக்கு முகத்துவாரக்குப்பத்தில் ஒரு வீடு வந்தது. மீன் விற்கிற ஒரு அம்மா, அவருடைய ஒரே மகள். அந்த அம்மாவின் புருஷன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

சேவைக்குப் பொறுப்பாக இருந்த போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் அந்தத் தெருப் பெண்கள் பள்ளி முடித்ததும் எக்ஸ்போர்ட் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள், அங்கே சட்டைக்குக் காலர் தைக்கிறார்கள். இவளை எப்படியாவது ப்ளஸ் டூ முடிக்க வைத்து நம் கல்லூரிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், மூன்று வருடத்தில் நீ செய்ய வேண்டியது இது ஒன்றுதான் என்றார். அவர் சொன்ன விதத்தில் அது ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை நாங்கள் ஒரு கூட்டமாகப் போனோம். கையில் சோப்புக் கட்டி, சுவரில் ஒட்ட ஒரு படம். கை கழுவுவது எப்படி என்று செய்து காட்டினோம். பிறந்ததிலிருந்து தண்ணீருக்குள் கையை விட்டுப் பிழைக்கிறவர்களுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுத்த பெருமை எங்களுக்கு உண்டு. அவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். பிறகு எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள். எங்களோடு வந்திருந்த சீனியர் ஒருவர் தான்சானியாக்காரர், அங்கே ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இங்கே எம்.ஏ. சேர்ந்தவர். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், எங்கள் ஊரிலும் சனிக்கிழமை கிராமத்துக்கு அனுப்புவார்கள், அங்கேயும் சோப்புதான், அங்கேயும் நாங்கள்தான் சாப்பிட்டுவிட்டு வருவோம் என்று. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஆட்டோக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

தெம்பு ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். சில்லறைக் கடைக்காரர்கள் விடியும் முன்பே வண்டியோடு வந்து நின்றுவிடுவார்கள். கல்லாவில் வீட்டு ஆள்தான் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அண்ணன் ஏதோ பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தான், அவனை எழுப்பக்கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே குடும்ப ஜெபத்தில் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் கீழே கடையிலிருந்து அப்பாவின் குரல் வரும், "ஏட்டி, ஆள் வந்து நிக்கி, எறங்கு." இறங்குவேன். பருப்பு மூட்டை, மிளகாய் நெடி, பில். அப்புறம் அம்மாவோடு சமையல். அப்புறம் பஸ், சேப்பல், வகுப்பு. சாயங்காலம் வந்தால் மறுபடியும் கல்லா. சனிக்கிழமை சேவை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழு. கர்த்தரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று ஒவ்வொரு வருடமும் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் நடத்தினேன்.

குப்பத்துக்குப் போவதே ஒரு பாடு. மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிடும். அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ, இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள், நகராத வரிசை. லாரி ஓட்டுகிறவர்கள் சக்கரத்துக்கு நடுவில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருக்கும்.

அந்த வீட்டில் நான் முதன்முதலாகத் தூங்கியது தனியாகப் போக ஆரம்பித்த உடனேயே. பெண்ணுக்கு ஒரு கணக்கைப் போடச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். கண்ணைத் திறந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தலைக்குக் கீழே ஒரு புடவையை மடித்து வைத்திருந்தார்கள். டேபிள் ஃபேன் என் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. அந்தப் பெண் வெளிச்சத்துக்காக வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துள்ளி எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தேன்.

"இன்னாத்துக்கு எந்திரிக்கிற பாப்பா? குந்து. மொகம் கய்வு. நண்டு கொயம்பு கீது, துன்னுட்டு போ," என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, பாடம் எடுக்கணும்."

"அத்தெல்லாம் அவ போட்டுட்டா. படிக்கிற புள்ள, அசந்து பூட்ட. இருக்கட்டும்."

படிக்கிற பிள்ளை. அந்தச் சொல்லில் தொடங்கியது. நான் அப்படி அசந்து போனது படிப்பால்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், கடையில் நடப்பதை வீட்டுக்கு வெளியே பேசமாட்டோம். பெண் பிள்ளையை விடியற்காலையில் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மீன்காரம்மாவிடம் போய்ச் சொல்வதா? அப்பாவின் மரியாதை என்னாவது? "ஆமாம்மா, நெறைய படிக்க வேண்டியிருக்கு," என்றேன்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. போவேன், பெண் எழுதி வைத்திருந்ததைத் திருத்துவேன், புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுப்பேன், சுவரில் சாய்வேன். கணக்குப்பதிவியலைப் பொறுத்தவரை என்னால் தூக்கத்திலும் சொல்லித்தர முடியும், அத்தனை நாள் கல்லாவில் உட்கார்ந்தது வீண் போகவில்லை. அவள் கெட்டிக்காரி. சந்தேகம் வந்தால் மட்டும் என் காலைத் தொட்டு, "அக்கா, அக்கா" என்பாள். பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடுவேன். அந்த அம்மா எதிர்வீட்டுப் பிள்ளைகளை, "தோ, கத்தாதீங்கடா, டீச்சரு தூங்குது" என்று அதட்டுவது கனவில் போலக் கேட்கும். என் வீட்டில் எனக்காக யாரும் ஒருவரையும் அதட்டியதில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் வியாபாரத்துக்குப் போவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் வாங்குகிற வீடுகள் சனிக்கிழமை சாயங்காலமே சொல்லி வைக்கும், சத்தியமூர்த்தி நகர் பக்கம் ஒரு சுற்று போனால் மறுநாள் வியாபாரம் உறுதி. அந்தச் சுற்றை எனக்காக விட்டுவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு ஆள் வருகிற நாளில் பூட்டிக்கொண்டு போகலாமா என்பது அவருடைய நியாயம். சேவை செய்யப் போன நான் அவருடைய நல்ல வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு, அவர் புடவையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். போதகர் ஐயாவிடம் இதை ஜாடையாகச் சொன்னேன். "உறவு வளருது, நல்லதுதானே," என்றார். நல்லதுதான். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்குக் கேலியும் வரும். கதவைத் தாண்டும்போதே என் முகத்தைப் பார்த்து, "ஐய, இன்னா பாப்பா, கண்ணு மூணு நாள் ஐஸுல கெடந்த சங்கரா மீனு மாரி கீது," என்பார். பெண் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவர் சிரிக்கும்போதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருப்பார் என்பதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்ணுக்குக் கல்லூரி என்றால் உயிர். பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்கள், எங்கள் கல்லூரியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, அதன் கீழே பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று. "அக்கா, நீயும் அங்க குந்துவியா? இன்னா பேசுவீங்க?" என்று கேட்பாள். மரம் இருந்தது உண்மை. வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு மரம் எதற்கு? அதன் நிழலை மிதித்து ஓடியிருக்கிறேன், அவ்வளவுதான். "உக்காருவோம். எல்லாத்தையும் பேசுவோம்," என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

அந்தக் கடைசி வருடம் அவள் எப்படிப் படித்தாள் என்பதை எழுதினால் மிகை என்பார்கள். காலையில் அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போய் அவர் தலைக்கு அலுமினியச் சட்டியைத் தூக்கிவிட்டு வருவாள். பிறகு பள்ளிக்கூடம். சாயங்காலம் இறால் உரித்தபடியே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பெரியம்மா மகள் எக்ஸ்போர்ட் வேனில் போய்வந்துகொண்டிருந்தாள், புதுச் செருப்பு, கைபேசி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. இவள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. இவளைப் பார்க்கும்போது எனக்குப் பெருமை வரும், கூடவே ஒரு சலிப்பும் வரும். எங்கே ஓடுகிறாய் பெண்ணே, கொஞ்சம் உட்கார் என்று சொல்லத் தோன்றும். சொல்லியிருந்தால் அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

பரீட்சை முடிவு வந்தது. அவள் நன்றாகவே வாங்கியிருந்தாள், கணக்குப்பதிவியலில் பள்ளிக்கே முதல். போதகர் ஐயா என்னைக் கட்டியணைக்காத குறை. நாங்கள் சேவைக்குப் போகிற குப்பத்துப் பிள்ளைகளுக்காகக் கல்லூரியில் சில இடங்கள் உண்டு, கட்டணமும் பேருக்குத்தான். அவள் அம்மா ஒருதடவை நேரில் வந்து சம்மதம் என்று சொன்னால் போதும், திங்கட்கிழமையே அழைத்து வா என்றார். அதைச் சொல்ல நான் குப்பத்துக்குப் போனதுதான் என் கடைசிச் சனிக்கிழமை. என் படிப்பும் அதோடு முடிந்திருந்தது.

நான் போனபோது அம்மாவும் மகளும் கூடத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கைப் பற்றி ஏற்கெனவே தெரியும், தெருவே சாக்லேட் சாப்பிட்டாகிவிட்டது. நான் உட்கார்ந்தவாக்கில் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். பெண்ணின் கை நின்றது. அம்மாவின் கை நிற்கவில்லை. ஓட்டை உரித்து ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார்.

"வாணாம் பாப்பா," என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "ஃபீஸ் எல்லாம் ஒண்ணும் பெருசா இல்லம்மா, காலேஜே பாத்துக்கும்."

"துட்டு இல்ல பாப்பா. துட்ட நான் எப்டினா பெரட்டுவேன்." சட்டியை ஒரு பக்கம் தள்ளினார். "தப்பா நெனச்சிக்காத. மூணு வருசமா உன்னப் பாத்துகினு கீறேன். வரசொல்லோ செத்து வர்ற. குந்துனா தூங்கிப் பூடுற. உங்கப்பா கட வெச்சிகீறாரு, உனுக்கு சோத்துக்குப் பஞ்சமில்ல, ஆள் கீது அம்பு கீது. நீயே இப்டி ஆயிட்டன்னா எம் பொண்ணு தாங்குவாளா? எங்கக்கா பொண்ணு கம்பெனிக்குப் போறா. அவுளுக்கு பெல்லு அடிச்சா வேல முடிஞ்சிது. வந்து துன்னுட்டு கால நீட்டித் தூங்குறா. உனுக்கு எப்ப பாப்பா பெல்லு அடிக்கும்?"

மூன்று வருடம் என் தலைக்கடியில் புடவையை மடித்து வைத்துவிட்டு அந்த அம்மா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போதகர் ஐயாவின் பேச்சு, நாங்கள் ஒட்டிய படம், நான் நடத்திய பாடம் எதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. கல்லூரி என்பது ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் கிடைத்திருந்தாள், அவள் வாரா வாரம் வந்து கண் முன்னால் விழுந்து கிடந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. யார்மேல் என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அது படிப்பால இல்லம்மா," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "படிப்புல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. விடியறதுக்கு முன்னாடி கடைல கல்லால உக்காருறேன். ஒடனே வந்து சமையல். திரும்பிப் போனா மறுபடியும் கடை. எங்கண்ணன் தூங்குறான், எங்கண்ணன எழுப்ப மாட்டாங்க. என்னத்தான் எழுப்புவாங்க. காலேஜ்ல இருக்குற நேரந்தாம்மா நான் சும்மா உக்காந்திருக்குற நேரம்."

வெளியாட்களிடம் சொல்லக்கூடாத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன். அழுகை வரும்போல இருந்தது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசுகிற அக்காவை அவள் அன்றைக்குத்தான் இழந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மா எழுந்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தலையைத் தடவினார். இறால் வாடை அடித்தது. "அத்தான் பாப்பா நானும் சொல்றேன்," என்றார் மெதுவாக. "படிச்சா இந்த வேலைலாம் வுட்டுப் பூடும்னுதான் நானும் ஆச வெச்சேன். உனுக்கு வுடலியே. அதுவும் செய்ற, இதுவும் செய்ற. எனுக்குப் பாதி உசுர்ல ஒரு பொண்ணு வாணாம்."

நான் மகளைப் பார்த்தேன்.

பதில் சொன்னது மகள்தான். அவள் இறால் தட்டை நகர்த்திவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"எம்மா, நான் தூங்க மாட்டேம்மா."

"இன்னாடி?"

"அக்கா மாரி தூங்க மாட்டேன். காலைல உன்னோட ஏலத்துக்கு வந்து சட்டி தூக்கி வுட்டுட்டுத்தான் போவேன். வந்து நான்தான் சோறாக்குவேன். வூட்டு வேல ஒண்ணு கொறைஞ்சா கேளு. ஒரு நாளுகூட ஒடம்பு முடிலன்னு சொல்ல மாட்டேம்மா. சத்தியமா. நீ என்ன எப்ப பாத்தாலும் முழிச்சிகினுதான் இருப்பேன்."

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன் தூக்கத்தைப் பிடித்து அம்மாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், இந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதே, இதைச் செய்தவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான் ஆனார்கள் என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால் திங்கட்கிழமை போய்விடும். காலையில் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும், அவள் ஏறிவிடுவாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா என்னைப் பார்த்தார். அவர் கேட்டது தன் பெண்ணை இல்லை, என்னை.

"நீ சொல்லு பாப்பா. நீதான் பட்டவ. அவளால முடியுமா?"

மதிய வெக்கை. ஃபேன் என் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. காலையில் கடைக்கு இரண்டு லோடு இறங்கியிருந்தது, என் உடம்பு சுவரைத் தேடியது. அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்குள் ஒரு கொட்டாவி கிளம்பி மேலே வந்தது. பல்லைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட, அதை அப்படியே விழுங்கினேன்.

"முடியும்மா," என்றேன்.